கெட்டில்பெல் போட்டி: நீங்கள் யாரோடு மோதுகிறீர்கள்?

கெட்டில்பெல் என்பது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. உடற்பயிற்சிக் கூடங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ரஷ்யாவில் தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்தது. பூட் (பழைய ரஷ்ய எடை அளவு) ஒன்றுக்கு 16 கிலோ சொச்சம்; அதனால்தான் 16, 24, 32 என்று குண்டுகள் வந்தன. 1985-இல் சோவியத் ஒன்றியம் முறையான விதிகள் வகுத்து, லிபெட்ஸ்க் நகரில் தேசியப் போட்டி நடத்தியது.

போட்டியில் என்ன செய்ய வேண்டும்? பத்து நிமிடம் தூக்க வேண்டும், அவ்வளவுதான். குண்டைத் தலைக்கு மேல் கொண்டுபோய், கைகால் நேராக, ஒரு கணம் அசையாமல் நின்றால்தான் நடுவர் எண்ணுவார். ஆடிக்கொண்டே இறக்கினால் அந்தத் தூக்கல் கணக்கில் வராது. இரட்டைக் குண்டுப் பிரிவில், மார்போடு அணைத்து, முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி மூச்சு வாங்கலாம். தரையில் வைத்துவிட்டால் அத்தோடு முடிந்தது.

அப்படியென்றால் பக்கத்தில் நிற்பவர் எதிராளி இல்லையா? பதக்கத்துக்கு எதிராளிதான். ஆனால் பலர் வருவது பதக்கத்துக்காக அல்ல, தகுதிநிலைக்காக. உங்கள் உடல் எடைக்கும் தூக்கும் குண்டுக்கும் இத்தனை முறை என்று அட்டவணை இருக்கிறது. அதை எட்டினால் தொடக்கநிலையிலிருந்து 'மாஸ்டர் ஆஃப் ஸ்போர்ட்' வரை படிப்படியாக ஏறலாம். கடைசி இடம் பிடித்தவரும் அன்றைக்கு ஒரு படி ஏறியிருக்கலாம். பக்கத்தவர் ஏறினால் உங்கள் படி பறிபோகாது. இங்கே காணும் தோழமைக்கு நல்ல மனசு மட்டும் காரணமில்லை. விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பக்கத்தவர் வேகமாகத் தூக்கும்போது சும்மா இருக்க முடியுமா? இருந்தே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 8 வீதம் பத்து நிமிடம் தாங்கினால் 80. அவரைப் பார்த்து 14 வீதம் ஆரம்பித்து நான்காவது நிமிடத்தில் குண்டை வைத்துவிட்டால் 56-ஐத் தாண்ட மாட்டீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் தோற்பது குண்டின் எடையால் அல்ல, இந்த அவசரத்தால். உங்கள் பயிற்சியில் எத்தனை வந்ததோ, அதைவிட இரண்டு மூன்று கூடுதலாக இலக்கு வையுங்கள். எடையிலும் வீம்பு வேண்டாம். பத்து நிமிடமும் கையில் நிற்கும் குண்டே உங்களுக்கான குண்டு.

தோழமை என்று சொன்னேனே, அது கண்ணுக்குத் தெரியுமா? மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கைப்பிடியில் ஒட்டிய பழைய பொடியை உப்புத்தாளால் தேய்த்து, லேசாக நீர் தெளித்து, மக்னீசியப் பொடியை (வியர்வையில் கை வழுக்காமல் இருக்கப் பூசுவது) அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். நேரமெடுக்கும் வேலை. அடுத்து ஏறப்போகிறவருக்கு இதை இன்னொரு போட்டியாளரே செய்துகொடுப்பதுண்டு. உள்ளங்கைத் தோல் கிழிந்தவருக்குத் தன் ஒட்டுப்பட்டையை நீட்டுவார்கள்.

முதல் போட்டிக்குப் போகிறீர்களா? அமைப்புக்கு அமைப்பு தகுதிநிலை அட்டவணை மாறும். பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் சுற்று முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஏழாவது, எட்டாவது நிமிடத்தில் தவிப்பவருக்கு ஒரு குரல் தேவைப்படும். "இன்னும் ரெண்டு நிமிஷம், மூச்சை விடுங்க, ஒண்ணு போடுங்க" என்று சொல்லுங்கள். பக்கத்து மேடையின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.