‘எத்தனை பேர்?’ என்பதே முதல் கேள்வி: தென் கொரியாவில் குடியேறுபவர் கற்கும் சாப்பாட்டுப் பாடம்

தென் கொரியாவில் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும்போது, ‘பாப் மொகொஸ்ஸொயோ?’ என்று கேட்பது வழக்கம். ‘பாப்’ என்றால் சோறு. தமிழில் அப்படியே சொன்னால், ‘சாப்பிட்டாச்சா?’. நமக்கு விளக்கமே தேவைப்படாத கேள்வி. என்ன சாப்பிட்டோம் என்று பட்டியல் போட வேண்டியதில்லை, ‘ஆச்சு, நீங்க?’ என்றால் போதும்.

ஆனால், படிப்புக்காகவோ வேலைக்காகவோ சியோலில் தனி அறை எடுத்துத் தங்கும் ஒருவருக்கு, சில நாட்களிலேயே வேறொரு கேள்வியும் பழகிவிடும். உணவகத்துக்குள் நுழைந்ததும் ‘எத்தனை பேர்?’ என்று கேட்பார்கள். மேசையிலேயே இறைச்சி சுட்டுச் சாப்பிடும் கடை என்றால், ‘ஒருத்தர்தான்’ என்று சொன்னவுடன் ‘குறைந்தது இரண்டு பேருக்காவது ஆர்டர் தரணும்’ என்ற பதில் வரலாம். கே-டிராமாக்கள் கொரிய உணவை ஆசை தீரக் காட்டிவிட்டன. அந்த மேசை பல பேருக்காகப் போடப்பட்டது என்பது மட்டும் அங்கே போய் உட்காரும்போதுதான் உறைக்கிறது.

மேசையில் என்னென்ன இருக்கும்?

ஆளுக்கு ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் சூப். நடுவில் எல்லோருக்கும் பொதுவாகச் சின்னச் சின்னத் தட்டுகள். இவற்றுக்குப் பெயர் ‘பன்ச்சான்’. கிம்ச்சி, முளைகட்டிய சோயா, நல்லெண்ணெயில் புரட்டிய கீரை, பொரித்த சின்ன மீன் என்று கடைக்குக் கடை மாறும். நம்மூர் மீல்ஸில் கூட்டு, பொரியல் மாதிரிதான். பெரும்பாலான கடைகளில் இதற்குத் தனிக் காசு கிடையாது. தீர்ந்தால் மறுபடியும் கேட்டு வாங்கலாம். தண்ணீரைப் பல இடங்களில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் கவுன்டரில். டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை.

சோறும் சூப்பும் கரண்டியால். மற்றவை எவர்சில்வர் குச்சிகளால். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது மரியாதைக் குறைவு. குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. அது இறந்தவர்களுக்குப் படையல் வைப்பதை நினைவுபடுத்தும். மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர்கள் தொடங்க வேண்டும். ‘நீ’, ‘நீங்க’ என்று நாம் ஆள் பார்த்துப் பேசுவதைப் போல, கொரிய மொழியில் வினைச்சொல்லின் முடிவே ஆளுக்கு ஏற்ப மாறும். அறிமுகமான சற்று நேரத்திலேயே வயதைக் கேட்பது வம்புக்காக அல்ல, எப்படிப் பேசுவது என்று முடிவு செய்வதற்காக.

காரம் ஒன்றுதானே, சுவை ஏன் வேறு?

மிளகாய் நமக்கும் கொரியர்களுக்கும் வந்த விருந்தாளிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி 16-ம் நூற்றாண்டு வாக்கில் ஆசியாவுக்குப் பரவியது. ஆனால், இரண்டு சமையலறைகளும் அதை வேறு வேறு விதமாக எடுத்துக்கொண்டன. நாம் தாளித்து, வறுத்து அரைத்தோம். அவர்கள் புளிக்க வைத்தார்கள்.

வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டிகளாக்கி, காயவைத்து, நொதிக்கவிட்டு, உப்புநீரில் ஊறவைத்தால் கிடைக்கும் நீர்தான் சோயா சாஸ். மிஞ்சும் விழுது ‘தேன்ஜாங்’. அதே சோயாக் கட்டியின் பொடி, மிளகாய்த்தூள், பசை அரிசி சேர்த்துப் புளிக்க வைத்தால் ‘கோச்சுஜாங்’. இந்த ‘ஜாங்’ தயாரிக்கும் மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பார்க்கச் செக்கச் செவேல் என்று இருக்கும் பல கொரிய உணவுகள் ஆந்திரக் காரத்தை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம் தருவதற்குக் காரணம் இதுதான். அங்கே காரத்தோடு லேசான இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே வரும்.

குளிர்காலம் தொடங்கும் முன் குடும்பமும் அக்கம்பக்கமும் ஒன்றுகூடி மாதக்கணக்குக்குத் தேவையான கிம்ச்சி போடுவதற்குப் பெயர் ‘கிம்ஜாங்’. நம்மூரில் வெயில் காலத்தில் வடாம், ஊறுகாய் போடுவது மாதிரி. இதை 2013-லேயே யுனெஸ்கோ அங்கீகரித்துவிட்டது. அபார்ட்மென்ட்டுக்கு மாறிய பிறகு மண்ணில் பானை புதைக்க இடம் ஏது? அதனால் பல வீடுகளில் கிம்ச்சிக்கு என்றே தனி ஃபிரிட்ஜ் இருக்கிறது.

சைவம் சாப்பிடுபவர் கவனிக்க வேண்டியது என்ன?

இதுதான் இந்தியர்கள் அதிகம் தடுமாறும் இடம். ‘கோகி’ என்றால் இறைச்சி. ‘கோகி வேண்டாம்’ என்று சொன்னால் மாட்டையும் பன்றியையும் எடுத்துவிடுவார்கள். மீனும் இறாலும் அப்படியே இருக்கும். காரணம், பேச்சு வழக்கில் அந்தச் சொல் கடல் உணவைக் குறிப்பதில்லை.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத நெத்திலி. காய்கறியும் தோஃபுவும் மட்டும் மிதக்கும் தேன்ஜாங் குழம்பின் அடிப்படை பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்த தண்ணீர். பார்க்க முழுச் சைவமாகத் தெரியும் கிம்ச்சியிலும் உப்பில் ஊறிய சின்ன இறாலோ மீன் சாஸோ சேர்வதுதான் வழக்கம். பிபிம்பாப் என்னும் கலவைச் சோற்றில் இறைச்சியையும் முட்டையையும் எடுக்கச் சொல்லலாம். ஆனால், மேலே வைக்கும் கோச்சுஜாங்கைச் சில கடைகளில் மாட்டிறைச்சி சேர்த்து வதக்கியிருப்பார்கள். எனவே, ‘இறைச்சி, மீன், இறால், நெத்திலிச் சாறு எதுவும் சேர்க்காதீர்கள்’ என்று கொரிய மொழியில் முழுதாக எழுதி மொபைலில் வைத்துக்கொள்வது நல்லது.

முழு நம்பிக்கையோடு சாப்பிட ஓர் இடம் உண்டு: பௌத்த மடங்கள். மடத்துச் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயத் தாள் போன்றவையும் சேராது. பல மடங்களில் தங்கிப் பார்க்கவும் முடியும். சாம்பார் இல்லாமல் முடியாது என்பவர்கள் சியோலின் இதேவான் பகுதிக்கோ, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறைய வசிக்கும் ஆன்சான் நகருக்கோ ஒருமுறை போனால் பருப்பு, மசாலா, நீள அரிசி வாங்கலாம். உள்ளூர் அரிசி குண்டாக, ஒட்டும் தன்மையோடு இருக்கும்.

நாளுக்கு ஏற்ற சாப்பாடு

மழை பெய்தால் நம் நாக்கு பஜ்ஜி கேட்கும். கொரியர்களுக்கு வெங்காயத் தாள் போட்ட ‘பாஜொன்’ என்னும் அடையும், ‘மக்கொல்லி’ என்னும் அரிசிக் கள்ளும். வீடு மாறும் நாளில், பாத்திரம் பிரிக்கும் முன்பே கறுப்பு விழுது போட்ட ‘ஜஜாங்மியொன்’ நூடுல்ஸ் வரவழைப்பார்கள். கொளுத்தும் கோடையில் ‘போக்’ எனப்படும் மூன்று நாட்களில் கொதிக்கக் கொதிக்க முழுக் கோழி சூப்! சூட்டைச் சூட்டால்தான் வெல்ல வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

பிறந்த நாள் என்றால் கடற்பாசி சூப். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் பத்திய உணவும் அதுவே. ஆனால், தேர்வு நாளில் அதைத் தொட மாட்டார்கள். வழுக்கும் பொருள், மதிப்பெண்ணும் வழுக்கிவிடுமாம். சூசொக் அறுவடைத் திருநாளில் செய்யும் ‘சொங்பியொன்’, அரிசி மாவுக்குள் எள்ளோ பயறோ வைத்துப் பைன் இலை மேல் வேகவைப்பது. பூரணக் கொழுக்கட்டைக்கு உறவுக்காரன் என்றே சொல்லலாம். அந்த விடுமுறையில் பல கடைகள் மூடிவிடும் என்பதால், தனியாக இருப்பவர்கள் முன்கூட்டியே சாமான் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

தனியாகச் சாப்பிடுவோர் என்ன செய்கிறார்கள்?

இந்த மேசையும் மாறிக்கொண்டு வருகிறது. 2023 கணக்கின்படி தென் கொரியக் குடும்பங்களில் 35.5 சதவீதம் ஒரே ஆள் வசிப்பவை. தனியாகச் சாப்பிடுவதற்கு ‘ஹோன்பாப்’ என்று ஒரு சொல்லே உருவாகிவிட்டது. சுவரைப் பார்த்து ஒற்றை நாற்காலி போட்ட கடைகளும் உண்டு.

அதைவிட எளிதானது, தெருவுக்குத் தெரு இருக்கும் 24 மணி நேரக் கடை. முக்கோணக் கிம்பாப், சோறும் பன்ச்சானும் அடுக்கிய பெட்டி, கப் நூடுல்ஸ் எல்லாம் இருக்கும். வெந்நீரும் மைக்ரோவேவும் அங்கேயே உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகலாம். மாதக் கடைசியில் கைகொடுப்பது இதுதான். தினமும் இதையே நம்பினால், பேச ஆளில்லாமல் நாட்கள் ஓடிவிடும் என்பதுதான் சிக்கல்.

அலுவலக விருந்தில் மறுக்க முடியுமா?

வேலை முடிந்து குழுவாகப் போகும் விருந்துக்குப் பெயர் ‘ஹ்வேஷிக்’. பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைச் சற்றுத் திருப்பிக் குடிப்பது மரபு. அவரவர் கோப்பையை அவரவரே நிரப்பிக்கொள்வதில்லை. மது குடிக்காதவர்களுக்கு இது தர்மசங்கடம். முன்பு மறுப்பது கடினமாகத்தான் இருந்தது. பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிரான சட்ட விதிகள் 2019 ஜூலையில் அமலுக்கு வந்தன. இளைய தலைமுறையும் இப்போது வெளிப்படையாக ‘வேண்டாம்’ என்கிறது. கோப்பையில் சோடா வாங்கிக்கொண்டு ‘சியர்ஸ்’ சொல்வது பலர் கையாளும் வழி.

சாப்பிட்ட பிறகும் வேலை இருக்கிறது

உணவுக் கழிவைக் குப்பை மேட்டில் கொட்ட 2005 முதல் தடை. 2013 முதல் அளவுக்கு ஏற்பக் கட்டணம். பல குடியிருப்புகளில் அட்டையைக் காட்டினால் தொட்டி திறக்கும், எடை போடும், மாதக் கடைசியில் பில் வரும். மற்ற இடங்களில் அதற்கென உள்ள பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எலும்பு, முட்டை ஓடு, கெட்டிக் கொட்டை ஆகியவை உணவுக் கழிவில் சேராது. கழிவு கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் மாறுவதால், ‘மாடு, பன்றி தின்னுமா?’ என்று யோசித்தால் பெரும்பாலும் சரியாக வரும். பகுதிக்குப் பகுதி விதி மாறும். வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுவது அபராதத்தைத் தவிர்க்கும்.

மேசையில் இடம் கிடைப்பது எப்போது?

சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறும் பெண்ணை ‘இமோ’ என்று கூப்பிடுவது வழக்கம். அதற்குப் பொருள் அம்மாவின் சகோதரி. நம்மூர் மெஸ்ஸில் ‘அக்கா’ என்பது போல. ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போகும் வாடிக்கையாளருக்கு ‘தன்கோல்’ என்று பெயர். அந்த இடத்துக்கு வந்துவிட்டால், கேட்காமலே ஒரு தட்டு அதிகமாக வரும். ‘சர்வீஸ்’ என்பார்கள், கொரியாவில் அந்தச் சொல்லுக்குக் கொசுறு என்று பொருள்.

ஆகவே, புதிதாகப் போகிறவருக்கு அங்கு பழகியவர்கள் சொல்லும் யோசனை இதுதான்: ஊரில் உள்ள எல்லாக் கடைகளையும் சுற்றிப் பார்க்கும் ஆசை இருக்கட்டும். அறைக்குப் பக்கத்தில், தனி ஆளையும் முகம் சுளிக்காமல் உட்காரவைக்கும் ஒரு சின்னக் கடையைப் பிடித்து, வாரம் இரண்டு முறையாவது போக வேண்டும். எதைச் சாப்பிட மாட்டோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் ‘எத்தனை பேர்?’ என்று கேட்பதை இமோ நிறுத்திவிடுவார்.