வீடு விற்க நல்ல மாதம் எது?

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். ஆடியில் வீடு மாறக் கூடாது என்பார்கள். இணையத்தில் தேடினாலோ, வசந்த காலத்தில் விற்றால்தான் நல்ல விலை கிடைக்கும் என்று வெளிநாட்டு ஆலோசனை வரும். தாசேக் கெலுகோரில் தாமான் வீடு ஒன்றை விற்க நினைக்கும் குடும்பம் இவற்றில் எதை நம்புவது? பல குடும்பங்களுக்கு வீடுதான் மிகப் பெரிய சொத்து. எனவே, மாணவர்களே, இதை ஓர் அறிவியல் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

வசந்த காலத்தில் என்ன நடக்கிறது?

பூமியின் அச்சு ஏறக்குறைய 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பூமத்திய ரேகையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல, பகல் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறுபடும். லண்டனில் மிக நீண்ட பகல் சுமார் பதினாறரை மணி நேரம். மிகக் குறுகிய பகல் எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வருபவர் வெளிச்சத்தில் வீட்டைப் பார்க்க முடியாது. மேலும், அங்குப் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்குவதால், பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கோடை விடுமுறைக்குள் வீடு மாற விரும்புகின்றன.

பொருளியல் அறிஞர்கள் ரேச்சல் ஙாய், சில்வானா தென்ரெய்ரோ இருவரும் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆண்டின் இரண்டாம், மூன்றாம் காலாண்டுகளில் வீட்டு விற்பனையும் விலையும் உயர்வதையும், குளிர்காலத்தில் இரண்டும் தணிவதையும் காட்டினர். ஒரு சிறு காரணம் எப்படிப் பெரிதாகிறது என்பதையும் விளக்கினர். சந்தைக்கு அதிக வீடுகள் வரும்போது, வாங்குபவருக்குத் தமக்கு மிகவும் பொருத்தமான வீடு கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. பொருத்தமான வீட்டுக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்க அவர் தயங்கமாட்டார். அதைக் கண்டு மேலும் பலர் அதே பருவத்துக்காகக் காத்திருக்கிறார்கள். விளைவே காரணத்தை வலுப்படுத்தும் இந்தச் சுழற்சிக்கு நேர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

நம் ஊரில் பருவம் உண்டா?

தாசேக் கெலுகோர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் ஐந்தரை பாகையில் இருக்கிறது. இங்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 40 நிமிடங்கள்தான். பனியும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. லண்டனில் அந்தச் சுழற்சியைத் தொடக்கிவைக்கும் காரணம் இங்கு இல்லை என்றால், வசந்த கால ஆலோசனையை அப்படியே இங்கு இறக்குமதி செய்ய முடியாது.

நமக்கென்று வேறு பருவங்கள் உண்டு. முதலாவது மழை. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் வழியாக நீர் சுவருக்குள் பரவுகிறது. அது உலரும்போது கரைந்திருந்த உப்பு வெள்ளைத் திட்டாகச் சுவரில் தங்கிவிடும். ஆகவே வறண்ட மாதத்தில் வீடு அழகாகத் தெரியும். விவரமறிந்தவரோ மழைக்கு மறுநாள் பார்க்க வருவார். 2017 நவம்பர் 4, 5-இல் பினாங்கைத் தாக்கிய பெருவெள்ளத்தின்போது தண்ணீர் உள்ளே வந்ததா என்றும் கேட்பார். ஒழுகும் கூரையைச் சரிசெய்துவிட்டால், விற்பவர் எந்த மாதத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது பண்டிகைகளும் நம்பிக்கைகளும். ஆடி மாதம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவில் முடியும். சீனர்கள் பலர் தங்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் வீடு மாறுவதைத் தவிர்ப்பார்கள். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால், நோன்புப் பெருநாள் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லா மாதங்களையும் சுற்றி வந்துவிடும். பல இனத்தார் வாழும் ஊரில் ஒருவர் தவிர்க்கும் மாதம் இன்னொருவருக்கு நல்ல மாதமாக இருக்கலாம்.

மூன்றாவது பள்ளி நாட்காட்டி. கோவிட் காலத்துக்குப் பின், 2022-இல் நம் பள்ளி ஆண்டின் தொடக்கம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்கு நகர்ந்தது. 2026-இல் மீண்டும் ஜனவரிக்கு வந்துள்ளது. வீட்டு விற்பனையைப் பள்ளி நாட்காட்டிதான் இயக்குகிறது என்றால், விற்பனை உச்சமும் அதனுடன் சேர்ந்து நகர வேண்டும். இதற்கு இயற்கைச் சோதனை என்று பெயர். தேசியச் சொத்துத் தகவல் மையமான நாபிக் காலாண்டுதோறும் வெளியிடும் விற்பனை எண்ணிக்கையைக் கொண்டு நீங்களே இதைச் சோதிக்கலாம்.

இரண்டு நாணயங்கள் சொல்லும் பாடம்

ஒரு தாமானில் ஓராண்டில் 20 வீடுகள் விற்றதாக வைத்துக்கொள்வோம். ஒரு காலாண்டில் 8, மற்றொன்றில் 3 என்றால், முதலாவதுதான் நல்ல பருவம் என்று முடிவு செய்யலாமா?

10 சென், 20 சென் நாணயங்களைச் சேர்த்து 20 முறை சுண்டுங்கள். இரண்டும் தலை என்றால் முதல் காலாண்டு. 10 சென் மட்டும் தலை என்றால் இரண்டாவது. 20 சென் மட்டும் தலை என்றால் மூன்றாவது. இரண்டும் பூ என்றால் நான்காவது. நான்கிலும் சரியாக ஐந்து ஐந்து விழும் வாய்ப்பு சுமார் நூற்றில் ஒன்றுதான். பருவமே இல்லாத நாணயங்கள்கூட 8, 3 என்று காட்டும். ஒரே போக்கு பல ஆண்டுகள், பல ஊர்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தால்தான் அது பருவம்.

உறுதியான ஒரு நாட்காட்டி

மாதத்தைவிடத் தெளிவாகக் கணக்கிடக்கூடிய காலம் ஒன்று உண்டு. சொத்து ஆதாய வரிப்படி, மலேசியக் குடிமக்கள் வீடு வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டில் 20. ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. 10,000 ரிங்கிட் அல்லது ஆதாயத்தில் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது கழிக்கப்படும்.

2021 ஜூனில் ஒப்பந்தம் செய்து வாங்கிய வீட்டில் 80,000 ரிங்கிட் ஆதாயம் என்போம். 2026 மே மாதம் விற்றால் அது ஐந்தாம் ஆண்டு: 70,000-க்கு 15 விழுக்காடு, அதாவது 10,500 ரிங்கிட் வரி. ஜூலையில் விற்றால் வரி இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கோரும் உரிமையும் உண்டு. அதை இந்த வீட்டுக்கே பயன்படுத்த வேண்டுமா என்பதைக் குடும்பம் யோசித்து முடிவெடுக்கலாம்.

வீடு விற்பது பற்றி வீட்டில் பேச்சு எழுந்தால், ஒப்பந்தத்தில் உள்ள தேதியை முதலில் பாருங்கள். அடுத்து, மழை நாளில் சுவரையும் கூரையையும் பாருங்கள். எந்த மாதம் நல்லது என்று யாராவது சொன்னால், "அதற்குக் காரணம் என்ன? அந்தக் காரணம் நம் ஊரில் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.