எல்லா மறதிக்கும் மனக்கவலை காரணமல்ல

எங்கள் மத்தியில் ஒருவருக்கு மறதி வந்தால், காரணம் சொல்ல நாங்கள் அதிக நேரம் எடுப்பதில்லை. வடக்கு கிழக்கில் “யுத்தத்தில் பட்ட பாடு” என்போம். தெரணியகலை போன்ற சப்ரகமுவ தோட்டப்புறங்களில் “யோசனை கூடிப்போச்சு” என்பார்கள். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், மூளையைத் தாக்கும் நோயொன்று இந்தப் பதில்களுக்குள் மறைந்துபோகவும் கூடும். மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் அப்படியான ஒரு நோய்.

உடலைப் பாதுகாக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதியே, மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பு நார்களைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. உறை சிதைந்த நரம்பில் செய்திகள் மெதுவாகப் போகும், அல்லது தடைப்படும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் ஆரம்பிக்கும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கிறது. 2020ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 28 இலட்சம் பேர் இதனோடு வாழ்கிறார்கள். எங்களைப் போன்ற வெப்பவலய நாடுகளில் இது குறைவு. அதனாலேயே சந்தேகம் எழத் தாமதமாகலாம்.

பார்வை மங்குவதும், கால் மரத்துப்போவதும், நடை தள்ளாடுவதும் வெளியே தெரியும். சிந்தனையில் வரும் மாற்றம் தெரியாது. 1868இல் இந்நோயை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ, நினைவாற்றல் பலவீனமடைவதையும் அப்போதே குறித்திருந்தார். இன்றைய ஆய்வுகளின்படி நோயாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்தப் பாதிப்பு உண்டு.

பெரும்பாலும் முதலில் குறைவது சிந்தனையின் வேகம். புதிதாகக் கேட்டதை மனதில் பதிப்பது, கவனத்தைக் குலையாமல் வைத்திருப்பது, தேவையான சொல்லைத் தேடி எடுப்பது என்பனவும் கடினமாகும். பெரட்டில் நாலைந்து வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் இரண்டுதான் நினைவில் நிற்கும். வெயிலில் உடல் சூடேறும்போது களைப்பும் தடுமாற்றமும் கூடும். தோட்டத்தில் இதற்குக் கிடைக்கும் பெயர் “சோம்பேறி”.

இந்த மாற்றத்தை அளக்க எளிய பரிசோதனைகள் உண்டு. ஒன்றில், குறியீடுகளுக்குரிய இலக்கங்களை 90 செக்கன்களுக்குள் சொல்லவேண்டும். இன்னொன்றில், வாசிக்கப்படும் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும். இங்கேதான் மொழி முக்கியமாகிறது. தமிழ் மட்டும் சரளமாகத் தெரிந்த ஒருவரிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொற்களைக் கேட்டால், அளக்கப்படுவது நினைவாற்றல் அல்ல, மொழியறிவு. படிப்பு குறைந்தவரின் பெறுபேற்றைப் பட்டதாரியினுடையதோடு ஒப்பிடுவதும் தவறு.

நரம்பியல் நிபுணரையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் தேடித் தோட்டத்துக்கு வெளியே பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அதற்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். ஆகவே, போகும் ஒரு பயணம் வீணாகக் கூடாது. மறதி எப்போது தொடங்கியது, அதற்கு முன்போ பின்போ பார்வை மங்கியதா, கைகால் மரத்ததா என்பதை எழுதிக்கொண்டு, வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனச்சோர்வு, நித்திரைக் குறைவு, தைரொயிட் கோளாறு, விற்றமின் பி12 குறைபாடு என்பனவும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

மல்டிபிள் ஸ்கிளெரோசிஸை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், புதிய தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. நேரத்தோடு தொடங்கினால் மூளைக்கு வரும் சேதம் குறையும். உடற்பயிற்சியும் புகைத்தலை நிறுத்துவதும் உதவும். குறிப்புக் கொப்பி, தொலைபேசி அலாரம், ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற ஒழுங்கு என்பன அன்றாடத்தை இலகுவாக்கும்.

வீட்டார் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்திருங்கள். அவருக்குத் தேவைப்படுவது இன்னும் சில விநாடிகள்தான்.