கையடக்கச் சேமிப்புக் கருவிகளும் கணிப்பொறிப் பாதுகாப்பும்

நிருவாகம், தொழில், கல்வி ஆகிய துறைகள் அனைத்திலும் கணிப்பொறி இன்றியமையாத சாதனமாகிவிட்டது. அதனைக் காக்க இணையத் தொடர்பைத் துண்டித்தாற் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால், சட்டைப் பையில் அடங்கும் பென் டிரைவ், இணையம் எட்டாத இடத்திற்கும் நச்சு நிரலைக் கொண்டு சேர்க்க வல்லது.

மும்பை மாநகரை எடுத்துக்கொள்வோம். மாட்டுங்காவில் கல்லூரிகளை அடுத்துள்ள ஜெராக்ஸ் கடைகளில் மாணவர்கள் தம் ஆய்வேடுகளைப் பென் டிரைவில் கொணர்ந்து அச்செடுக்கின்றனர். தாராவியில் தோல் பட்டறை நடத்துவோர் தம் கணக்குகளையும் அவ்வாறே எடுத்துச் செல்கின்றனர். செம்பூரை அடுத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் அமைந்துள்ளன. அங்குப் பணிபுரிவோரின் பிள்ளைகளும் இத்தகைய கடைகளுக்கே செல்கின்றனர். கடையின் கணிப்பொறி ஒன்றில் தொற்று இருப்பின், அன்று மாலைக்குள் அது பல வீடுகளை அடைந்துவிடும்.

பரவும் முறை

இம்முறை புதியதன்று. 1986-இல் லாகூரில் உருவான ‘பிரெய்ன்’ வைரஸ் ஃபிளாப்பி வட்டுகள் வழியே பரவியது. 2008-இல் தோன்றிய ‘கான்ஃபிக்கர்’, டிரைவைச் செருகியவுடன் நிரல் தானே இயங்கும் விண்டோஸ் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அவ்வசதியைக் கட்டுப்படுத்தியது. எனினும் வேறு தந்திரங்கள் உள. உண்மையான கோப்புகளை மறைத்து, அதே பெயரில் குறுக்குவழிகளை நிரல் வைத்துவிடுகிறது. கோப்பைத் திறப்பதாக எண்ணி நாம் நிரலையே இயக்கிவிடுகிறோம்.

அனுபவம் தரும் பாடம்

2010 ஜூனில் கண்டறியப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’, டிரைவில் உள்ளவற்றைத் திரையில் பார்த்த மாத்திரத்திலேயே தொற்றக்கூடியதாக இருந்தது. அதன் இலக்கு ஈரானின் நாதான்ஸ் அணு நிலையம் எனக் கருதப்படுகிறது. எனினும், மிகுதியாகத் தொற்றுக்குள்ளான நாடுகளுள் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இடம்பெற்றது.

2012 ஜூலையில் விசாகப்பட்டினம் கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. அதன்படி, இணையத்தில் சேராத கணிப்பொறிகளிலிருந்து ஆவணங்களை நிரல் பென் டிரைவில் மறைவாகச் சேர்த்தது. அந்த டிரைவ் இணையமுள்ள கணிப்பொறியில் செருகப்பட்டபோது அவற்றை வெளியே அனுப்பியது. பென் டிரைவ் இருவழிப் பாலம் என்பது இதனால் விளங்கும்.

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகக் கணிப்பொறியொன்றில் நச்சு நிரல் காணப்பட்டதை, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் நாள் உறுதிசெய்தது. அது இணையத்துடன் இணைந்த கணிப்பொறி. முக்கிய உள்வலையமைப்பு தனித்திருந்ததாகக் கழகம் தெரிவித்தது. பிரிவினையின் பயன் இதுவே. அப்பிரிவினையைக் கடக்கும் டிரைவைக் கட்டுப்படுத்தாவிடில் அப்பயன் கெடும்.

காப்பு முறைகள்

தடையாணை மட்டும் போதாது. கோப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல வேறு வழியில்லாத ஊழியர் தடையை மீறவே செய்வார். ஆகவே பாதுகாப்பான வழியொன்றை அலுவலகமே அளித்தல் வேண்டும்:

1. வெளியிலிருந்து வரும் டிரைவுகளைச் சோதிக்க, வலையமைப்பில் சேராத தனிக் கணிப்பொறி ஒன்றை ஒதுக்குதல்.

2. எண்ணிட்ட அலுவலக டிரைவுகளையே வழங்கி, பதிவேட்டில் குறித்தல். வீட்டு டிரைவும் அலுவலக டிரைவும் கலத்தலாகாது.

3. அன்றாடப் பணிக்கு நிருவாகி உரிமையற்ற கணக்கைப் பயன்படுத்தல். இயங்குதளத்தை அவ்வப்போது புதுப்பித்தல். கோப்புப் பெயரின் பின்னொட்டு தெரியுமாறு அமைத்தல்.

4. வழியிற் கண்டெடுத்த டிரைவை ஒருபோதும் செருகாதிருத்தல்.

மாணவர் அச்செடுக்கத் தனி டிரைவ் வைத்துக்கொள்வது நலம். ஆய்வேட்டின் படியொன்றை எப்போதும் வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.

அரசின் உதவி

மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அனுமதியற்ற சேமிப்புக் கருவிகளைத் தடுக்கும் ‘யு.எஸ்.பி. பிரதிரோத்’ என்ற மென்பொருள் அப்போது அறிமுகப்படுத்தப்பட்டது. 2022 ஏப்ரல் ஆணையின்படி, நிறுவனங்கள் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் சி.இ.ஆர்.டி.-இன் அமைப்பிற்குத் தெரிவித்தல் வேண்டும்.

தவறுதலாகத் தொற்றுள்ள டிரைவைச் செருகிய ஊழியர் தண்டனைக்கு அஞ்சி மறைத்தால், இவ்விதியால் பயனில்லை. உடனே சொல்பவரைக் கடிந்துகொள்ளாத அலுவலகமே தொற்றை முதல் கணிப்பொறியிலேயே தடுத்து நிறுத்தும்.