படுக்கையருகே ஒரு ரேடியோ

ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாய்த் தெரிந்திருக்கும். வியாதிக்கு அடுத்தபடியாக அங்கே மனிதனை உபத்திரவிப்பது கடிகாரந்தான். காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். நர்ஸ் வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறார். மாலையில் உறவினர்கள் ஆரஞ்சுப் பழத்துடன் வந்து, க்ஷேம சமாசாரம் விசாரித்து, மணி அடித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். அதற்கப்புறம்? மேல் விட்டத்தை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பக்கத்துப் படுக்கைக்காரரின் இருமலைத் தவிர வேறு சங்கீதம் கிடையாது.

இந்த நீண்ட இரவுக்கு ஏதாவது பரிகாரம் தேட வேண்டும் என்று இங்கிலாந்தில் சிலர் முனைந்தார்கள். அவர்கள் பெரிய பிரபுக்கள் அல்லர். பகலெல்லாம் ஆபீஸிலோ, கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ உழைத்துவிட்டு, மாலையில் ஓய்வு கிடைத்த சாதாரண மனிதர்கள். அவர்களுடைய முயற்சியால் வளர்ந்ததுதான் 'ஆஸ்பத்திரி ரேடியோ' என்னும் ஸ்தாபனம். அதில் பேசுகிறவருக்கும் சம்பளம் இல்லை. பாட்டுத் தட்டைச் சுழற்றுகிறவருக்கும் சம்பளம் இல்லை.

ஆரம்ப காலம்

நோயாளிகளுக்கு ரேடியோ என்ற யோசனை முதலில் செயலானது அமெரிக்காவில். 1919-ஆம் வருஷம் மே மாதம் வாஷிங்டன் நகரிலுள்ள வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில், எழுந்து நடமாட முடியாத நோயாளிகள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கச்சேரிகளையும் பிரார்த்தனைகளையும் கேட்டார்கள். முதலாவது மகா யுத்தம் முடிந்து அப்போது ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் பொது ஜனங்களுக்காக ஒலிபரப்பத் தொடங்கியது 1920 நவம்பரில். ஆகவே, நல்ல தேக சுகத்துடன் இருந்த பலருக்குக் கிட்டுவதற்கு முன்பே இந்தப் பாக்கியம் படுக்கையில் கிடந்தவர்களுக்குக் கிட்டிவிட்டது!

பிரிட்டனில் பி.பி.சி. ஏற்பட்டது 1922-இல். மூன்று வருஷங்களுக்குள், 1925-இல், யார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் படுக்கைகளுக்கு ஹெட்போன் வந்துவிட்டது. ஹெட்போன் எதற்கு, ஒரு பெரிய ஒலிபெருக்கியை நடுவில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரே வார்டில் ஒருவர் தூங்குவார். ஒருவர் வலியால் துடிப்பார். ஒருவருக்குச் சங்கீதம் அமிர்தம், அடுத்தவருக்கு அதுவே தலைவலி. விரும்பினவர் மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதவர் கழற்றி வைக்கலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நியாயம்.

கம்பி வழி வந்த கால்பந்து

1950-க்குப் பிறகே இந்த இயக்கம் உண்மையில் வேரூன்றியது. அதற்குக் காரணமாயிருந்தவற்றுள் கால்பந்து முக்கியமானது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மாலைப் பந்தயம் என்பது நம் ஊர்த் தேர்த் திருவிழாவைப் போன்றது. ஊரே மைதானத்தில் கூடியிருக்கும்போது, கால் முறிந்து கிடக்கும் ரஸிகரின் மனம் என்ன பாடுபடும்! சௌதாம்ப்டன் துறைமுகப் பட்டினத்தில் 1952-இல் தொண்டர்கள் இதற்கு வழி கண்டார்கள். 'டெல்' என்ற மைதானத்திலிருந்து ஆட்டத்தை வர்ணித்து, தொலைபேசிக் கம்பி மூலம் ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கு அனுப்பினார்கள். இதே போன்ற ஏற்பாடு பல ஊர்களுக்கும் பரவியது. பின்னாளில் இந்த வர்ணனையினால் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. மைதானத்துக்கே வந்து உட்கார்ந்திருந்த கண் பார்வையற்ற ரஸிகர்களும் இதை ஹெட்போனில் கேட்டு, ஆட்டத்தை 'பார்க்க'லானார்கள்.

கால்பந்துக்குப் பின்னால் பாட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரித் தேவாலயத்துப் பிரார்த்தனை வந்தது. காலி அறை ஒன்று, பெரும்பாலும் நிலவறையிலோ, பழைய சாமான் போடும் இடத்திலோ, ஆஸ்பத்திரி அதிகாரிகளிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். சுவர்களில் முட்டை அட்டையை ஒட்டி எதிரொலியை அடக்க முயன்ற நிலையங்களும் உண்டு. இரண்டு கிராமபோன் மேடை, ஒரு மைக், தானமாய் வந்த இசைத்தட்டுகள் - இவ்வளவுதான் மூலதனம். அங்கிருந்து ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டுக்கும் கம்பி போகும். அந்நாளில் பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே இந்த ரேடியோ கேட்காது. உலகத்திலேயே மிகச் சிறிய ரஸிகர் கூட்டம் என்று இதைச் சொல்லலாம்!

வேலை நடக்கும் விதம்

இந்த நிலையங்களின் உயிர் நாடி 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சிதான். மாலையில் தொண்டர்கள் கையில் சீட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போவார்கள். அதற்கு முன் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. கையை நன்றாய்க் கழுவ வேண்டும். படுக்கையின் மேல் உட்காரக் கூடாது. 'உங்களுக்கு என்ன வியாதி?' என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. ஒலிபரப்பில் நோயாளியின் முழுப் பெயரையோ, நோயையோ சொல்லக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும்?"

கேள்வி சிறியது, ஆனால் அதன் பலன் சிறியதன்று. நாள் முழுவதும் நோயாளியிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். வலி எங்கே? தூக்கம் வந்ததா? மருந்து சாப்பிட்டீர்களா? எல்லாம் அவருடைய உடம்பைப் பற்றியவை. ரேடியோக்காரர் ஒருவர்தான் அவருடைய விருப்பத்தைக் கேட்கிறார். ஐம்பது வருஷத்துக்கு முன் கல்யாணத்தில் கேட்ட ஒரு பாட்டைக் கிழவர் ஒருவர் சொல்லத் தொடங்கினால், அந்தக் கல்யாணக் கதையும் கூடவே வரும். தொண்டர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருப்பார். இரவில் அந்தப் பாட்டு, தம் பெயருடன் சேர்ந்து காதில் ஒலிக்கும்போது, 'இந்தப் பெரிய கட்டிடத்தில் நாமும் ஒருவர்' என்ற எண்ணம் அவருக்கு உண்டாகிறது.

பணத்துக்கு என்ன செய்கிறார்கள்? உண்டியல் குலுக்குகிறார்கள், லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள், ஊர்ச் சந்தைகளிலும் விழாக்களிலும் ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்துக் கூலி வாங்கி, அதை நிலையத்துக்குச் சேர்க்கிறார்கள். பல இடங்களில் தொண்டர்களே சந்தாவும் கட்டுகிறார்கள். உழைப்பைக் கொடுத்து, அதற்கு மேல் பணமும் கொடுக்கும் விநோத உத்தியோகம்! இதிலே பயின்று பெரும் புகழ் அடைந்தவர்களும் உண்டு. பி.பி.சி.யில் பல்லாண்டுக் காலம் காலை நிகழ்ச்சி நடத்திய கென் புரூஸ், கிளாஸ்கோ ஆஸ்பத்திரி ஒலிபரப்பில்தான் முதன்முதலில் மைக்கின் முன் உட்கார்ந்தார்.

குழந்தைகளையும் மறந்துவிடவில்லை. 1978-இல் லண்டனுக்குத் தெற்கே கார்ஷால்டனிலுள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 'ரேடியோ லாலிபாப்' என்ற ஸ்தாபனம் பிறந்தது. அங்கே குழந்தைகளே அறிவிப்பாளர்கள். பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள், ஹாஸ்யம் சொல்வார்கள், மைக்கில் கூச்சலும் போடுவார்கள். படுக்கையை விட்டு வர முடியாத குழந்தையிடம் தொண்டர்கள் விளையாட்டுச் சாமான்களுடன் போவார்கள். அந்த ஸ்தாபனம் பிற்பாடு ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய தேசங்களுக்கும் பரவியது.

வந்த சோதனை

இவ்வளவு நல்ல காரியத்துக்கும் சோதனை வராமல் இல்லை. முன்னாளில் வாரக் கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள், இக்காலத்தில் இரண்டொரு தினங்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். பழைய கட்டிடங்கள் இடிக்கப்படும்போது கம்பிகளும் அறுந்து போகின்றன. புதிய கட்டிடத்தில் ரேடியோவுக்கு ஓர் அறை கிடைப்பதே கஷ்டமாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நோயாளியின் தலையணைக்கு அடியிலும் இப்போது கைத்தொலைபேசி இருக்கிறது. உலகத்துப் பாட்டெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும்போது, தொண்டர் கொண்டுவரும் ஒரு பாட்டு எதற்கு? நிலையங்கள் பல மூடப்பட்டதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

2020-இல் கொரோனா வந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. தொண்டர்கள் ஆஸ்பத்திரிக்குள் காலடி வைக்கக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. உறவினர்களுக்கும் அதே தடை. ஆனால், பல நிலையங்கள் வாய் மூடிக் கிடக்கவில்லை. தொண்டர்கள் தத்தம் வீட்டுப் படுக்கையறையிலும் சமையலறையிலும் உட்கார்ந்து இன்டர்நெட் வழியாக ஒலிபரப்பினார்கள். பார்க்க வர முடியாத மகளும் பேரனும் சொல்லி அனுப்பிய செய்தியைப் பாட்டுடன் சேர்த்து நோயாளியின் காதுக்குக் கொண்டு சேர்த்தார்கள். கைத்தொலைபேசி இருந்தும் அதைக் கையாளத் தெரியாத முதியவர்களுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. தொலைபேசியில் ஆயிரம் பாட்டு உண்டு. ஆனால் அது படுக்கையருகே வந்து நின்று விசாரிப்பதில்லை. தொண்டர்கள் நூறு வருஷமாகக் கொடுத்து வருவது ஒரு பாட்டும், அதைக் கேட்பதற்காகச் செலவிடும் பத்து நிமிஷமும் ஆகும். பாட்டு இன்று எங்கும் மலிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷம் என்றைக்கும் மலிவாகப் போவதில்லை.

அடுத்த தடவை நாம் ஆரஞ்சுப் பழத்துடன் யாரையேனும் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வலி எப்படி என்று கேட்ட பிறகு, இதையும் ஒரு வார்த்தை கேட்கலாம்: "உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும்?" அதற்கு ரேடியோ நிலையம் வேண்டியதில்லை, கொஞ்சம் பொறுமையாய் உட்கார்ந்து கேட்டால் போதும்.