மருமகளுக்கு ஒரு சாக்ஸபோன்

அரநாயக்கப் பகுதித் தோட்டமொன்றின் லயக் காம்பராவிலிருந்து சாக்ஸபோனின் நாதம் எழும் என்று என் இளமைக் காலத்தில் எவரேனும் சொல்லியிருந்தால் நான் நகைத்திருப்பேன். எங்களுக்குத் தெரிந்த வாத்தியங்கள் இரண்டே. ஒன்று, கலியாணத்துக்கும் சாவுக்கும் காமன் கூத்துக்கும் முழங்கும் தப்பு. மற்றொன்று, திருவிழாக் காலத்தில் மாத்திரம் வெளியூரிலிருந்து வந்து மூன்றாம் நாள் போய்விடும் நாதஸ்வரம். வளைந்த கழுத்தும் விரிந்த வாயும் கொண்ட அந்தப் பித்தளை வாத்தியத்தை நாங்கள் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் சினிமாவின் மூலமாகத்தான்.

என் கடைசித் தங்கை கொழுந்தெடுப்பவள். அவளுடைய மகள் தரம் 7இல் படிக்கிறாள். அவள் படிக்கும் பாடசாலையில் மேல்நாட்டு வாத்தியக் குழு ஒன்று உண்டு. அதன் பொறுப்பாசிரியர் பிள்ளையின் மூச்சையும் விரல்களையும் சோதித்துப் பார்த்து, அவளைச் சாக்ஸபோன் வரிசையில் சேர்த்துவிட்டார். பாடசாலைக்கு இருந்தவை இரண்டு வாத்தியங்கள். பழகும் பிள்ளைகளோ நால்வர். வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதியில்லை. வாரத்தில் இரண்டு தடவை அரைமணி நேரம் ஊதி எவரும் வித்துவானாகிவிட முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். “சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது” என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். அந்தச் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது. தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் ஆதலால், உலகத்திலுள்ள சகல விஷயங்களும் எனக்குத் தெரியும் என்று என் தங்கை நம்புகிறாள். இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் பெரும் நஷ்டம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

2024 நவம்பரில் நான் கொழும்புக்குச் சென்று ஒரு கடையில் புதிய சாக்ஸபோன் ஒன்றை வாங்கினேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். விலை 54,000 ரூபாய். பொன்போல மின்னிற்று. பெட்டி, கழுத்துப் பட்டி, துடைக்கும் துணி, வெள்ளைக் கையுறை எல்லாம் கூடவே கிடைத்தன. கையுறையைக் கண்டதும் எனக்கு ஏனோ வாத்தியத்தின்மேல் மதிப்பு உயர்ந்துவிட்டது. அதே கடையில், இதைப்போல நான்கு மடங்கு விலையுள்ள யமஹா வாத்தியமும் இருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “பேர்தான் சேர்” என்றார்கள்.

பேர் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் வேறொரு பொருள் உண்டு. பிரட்டுக் களத்தில் பதியப்படும் ஒரு நாள் வேலையே ஒரு பேர். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் 54,000 ரூபாய் என்பது நாற்பது பேர். மழையில் நனைந்து, அட்டைக் கடிபட்டு, நாற்பது நாள் மலையேறி இறங்கினால் கிடைப்பது. அதுவும் சேமலாப நிதிக்கும் மற்றவற்றுக்கும் பிடித்தம் செய்யாத கணக்கு. கூரைத் தகரம் மாற்றுவதற்காகத் தங்கை போட்டுவந்த சீட்டுப் பணம் அது.

மூன்று மாதங்கள் சென்றன. மருமகள் நாள்தோறும் ஊதினாள். மேற்சுரங்கள் எப்படியோ வந்தன. கீழே இறங்க இறங்க நாதம் பிளந்து, தொண்டை கட்டிய சேவலைப்போலக் கத்திற்று. பாடசாலை வாத்தியத்தில் வரும் சுரம் வீட்டு வாத்தியத்தில் வரவில்லை. வீட்டில் முக்கி முக்கி ஊதிப் பழகியதால், நாளடைவில் பாடசாலை வாத்தியத்திலும் அவளுடைய நாதம் கரடுமுரடாயிற்று. அடுத்த தவணையில் அவளைத் தாளக் கருவிகளின் பக்கம் மாற்றலாம் என்று பேச்சு அடிபட்டது. ஒருநாள் மாலை அவள் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு என்னிடம் சொன்னாள்:

“எனக்கு மூச்சு பத்தலை மாமா. நம்ம புள்ளைகளுக்கு இதெல்லாம் வராது போல.”

முதல் வாக்கியத்தை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது வாக்கியம் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. முப்பது வருடங்களாகக் கணக்குப் பாடத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் பிள்ளைகளின் வாயிலிருந்து நான் துரத்திக்கொண்டிருந்த வாக்கியம் அது. இப்போது என் கையால் வாங்கிக் கொடுத்த ஒரு பொருள் அதை வீட்டுக்குள் அழைத்து வந்திருந்தது.

பின்னர்தான் அந்த வாத்தியத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். வாங்குவதற்கு முன் செய்திருக்க வேண்டிய காரியம். பெல்ஜியம் நாட்டின் தினான் என்னும் ஊரில் 1814இல் பிறந்த அடோல்ப் சாக்ஸ் என்பவர் இதைச் சிருஷ்டித்து, 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். மர வாத்தியங்களின் நெகிழ்ச்சியும் பித்தளை வாத்தியங்களின் முழக்கமும் ஒருங்கே அமைந்த ஒன்றை இராணுவ வாத்தியக் குழுக்களுக்குத் தரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். மூன்று தடவை கடனில் மூழ்கி முறிந்துபோன மனிதர் அவர். சாக்ஸபோன் வாங்கிக் கடன்பட்டவர்களுக்கு இது ஒருவகை ஆறுதல்.

உடல் முழுவதும் பித்தளையாயினும் இதை மர வாத்தியங்களின் இனத்திலேயே சேர்க்கிறார்கள். காரணம், நாதம் பிறக்கும் இடத்தில் நாணலாற் செய்த சீவாளி இருக்கிறது. நாதஸ்வரத்தின் சீவாளி இரட்டை நாக்கு. சாக்ஸபோனுடையது ஒற்றை நாக்கு. அது அதிரும்போது குழலினுள்ளே இருக்கும் காற்றுத் தூண் ஒலிக்கிறது. குழலின் மேல் இருபதுக்கு மேற்பட்ட துளைகள் உண்டு. அவற்றை விரல்கள் நேரே மூடுவதில்லை. தோலுறை போர்த்த சிறு மூடிகள் விசைகளின் மூலம் மூடித் திறக்கின்றன. கீழ்ச்சுரம் ஒன்று பிறக்க வேண்டுமானால், அதற்கு மேலேயுள்ள துளைகள் யாவும் இறுக மூடியிருக்க வேண்டும். எங்கேனும் ஒரு மூடியின் கீழ் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று அங்கே கசியும், நாதம் பிளந்துவிடும். ஊதுபவர் எத்தனை பெரியவராயினும் இதுவே விதி.

இதை எனக்கு விளக்கியவர் மாவனல்லைப் பக்கத்தில் வசிக்கும் ஒரு முதிய சிங்களக் கலைஞர். கலியாண வீடுகளில் பைலா வாசித்தே பிள்ளைகளைக் கரைசேர்த்தவர். வாத்தியங்களைப் பழுதுபார்ப்பதும் உண்டு. மருமகளையும் சாக்ஸபோனையும் அழைத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அலுமாரியிலிருந்து வெசாக் காலத்து மின்குமிழ் மாலையொன்றை எடுத்தார். யன்னல்களைச் சாத்தினார். எரியும் அந்த மாலையைக் குழலின் வாய்வழியே உள்ளே இறக்கி, விசைகளை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தினார். இருட்டறையில், மூடிகளின் விளிம்புகளில் கீற்றுக் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு இடங்களில் தெரிந்தது. வெளிச்சம் கசியுமிடத்தில் மூச்சும் கசியும்.

பிறகு விளக்கைப் போட்டுவிட்டுத் தாமே அதை வாயில் வைத்து ஊதினார். நாற்பது வருடம் ஊதிய நெஞ்சு. அடிச்சுரம் அவருக்கும் பிளந்தது. வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பாராமல், பிள்ளையைப் பார்த்துத் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

“துவ, இதில எனக்கும் வராது.”

அவள் முகத்தில் அப்போது ஏற்பட்ட மாறுதலை வருணிக்க நான் முயலப்போவதில்லை.

இதைச் சீர்செய்ய முடியாதா என்று கேட்டேன். விசையொன்றை விரலால் சற்றே நெருக்கிக் காட்டினார், அது வளைந்தது. உலோகம் மிருதுவானது. இன்றைக்குச் சீர்செய்தால் மறுவாரம் மறுபடியும் கோணும். உதிரிப் பாகமும் கிடையாது. மலிவாகச் செய்யப்பட்டவை எல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் அவரே சொன்னார். சீனத்திலும் தாய்வானிலும் உருப்படியான மாணவர் வாத்தியங்கள் செய்யப்படுகின்றன. தாய்வானில் ஹௌலி என்ற ஊரின் ஜீவனமே சாக்ஸபோன் செய்வதில் நடந்துவந்திருக்கிறது. இந்தியாவின் மீரத் நகரில் ஜலி கோட்டிப் பகுதி பேண்ட் வாத்தியங்களுக்குப் பெயர்போனது. 1885இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஊரைப் பார்த்து வாங்காதே, பேரை மட்டும் பார்த்தும் வாங்காதே. ஊதத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று, மேலிருந்து அடிச்சுரம்வரை மெதுவாக ஊதச் சொல்லிக் கேட்டு வாங்கு என்பது அவருடைய அபிப்பிராயம்.

அன்று அவர் சொன்ன வேறு சிலவற்றையும் பெற்றோருக்குப் பயன்படக்கூடுமென்று இங்கே எழுதுகிறேன். சிறு பிள்ளைக்கு ஏற்றது ஆல்டோ வகை. அது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பாரம். டெனர் அதனிலும் பெரிது. விரல்முறை இரண்டுக்கும் ஒன்றேயாதலால் வளர்ந்தபின் மாறிக்கொள்வது சிரமமில்லை. பழைய வாத்தியமாயின் முதலிற் கழுத்தைப் பார்க்க வேண்டும். கீழே விழுந்தோ பலவந்தமாகப் பொருத்தப்பட்டோ கழுத்து வளைந்திருந்தால் அதன் அடிப்பக்கத்தில் சிறு புடைப்புத் தெரியும்; அத்தகையதைத் தொடவேண்டாம். மேற்பூச்சு உதிர்ந்திருந்தால் கவலையில்லை. நாதத்துக்கும் பூச்சுக்கும் பெரிய சம்பந்தமில்லை. தோல் மூடிகள் பழுதாயின் மாற்றலாம். ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். ஊதுவாயை அற்பமாக எண்ணக்கூடாது. சாதாரண வாத்தியமும் நல்ல ஊதுவாயால் ஓரளவு திருந்தும். சீவாளி தொடக்கத்தில் இரண்டு அல்லது இரண்டரை எண்ணுக்கு மேல் வேண்டாம்.

சீவாளி விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. எந்தக் கடைக்காரரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. தென் பிரான்சில் விளையும் நாணலிலிருந்து செய்யப்பட்டுப் பெட்டிக்குப் பத்தாக வரும் இச்சிறு துண்டுகள் சில வாரங்களிற் களைத்துவிடுகின்றன. பிள்ளையின் பல் பட்டால் அன்றே முறிந்துவிடுகின்றன. வாத்தியம் ஒருமுறைச் செலவு. சீவாளி நித்தியச் செலவு. பால்மாவோடு சேர்த்து எழுத வேண்டிய செலவு.

முதியவரிடம் ஜப்பானில் செய்த பழைய யமஹா மாணவர் வாத்தியமொன்று இருந்தது. பூச்சுப் பாதி உதிர்ந்து, கழுவாத தேநீர்ச் சட்டியின் நிறம். மின்குமிழ் மாலை அதனுள்ளும் இறங்கிற்று. இரண்டு இடங்களில் மாத்திரம் வெளிச்சம் தெரிந்தது. அவற்றை மாற்றித் தருவதாகச் சொன்னார். பிள்ளையை ஊதச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கி இறங்கினாள். அடிச்சுரம், முழங்கவில்லை, ஆனால் பிளவாமல், வட்டமாக வந்தது. அவள் வாயை எடுத்துவிட்டு வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பழுதுபார்க்கும் செலவுட்பட 135,000 ரூபாய். நூறு பேர்.

“நூறு பேரா அண்ணே?” என்றாள் தங்கை. வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாவனல்லைக்குப் போய்க் கழுத்துச் சங்கிலியை அடகுவைத்து 60,000 ரூபாய் கொண்டுவந்தாள். மிகுதியை என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். அவளுடைய நாற்பது பேரை வீணாக்கியவன் நான் என்பதால் அதைத் தர்மம் என்று யாரும் சொல்லக்கூடாது.

வாத்தியத்தைப் பேணுவதும் எங்கள் ஊரில் ஒரு தனிப் பிரயாசை. அரநாயக்கவில் மழை என்றால் எல்லோருக்கும் 2016 மே 17ஆந் திகதி சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடிய ஞாபகமே முதலில் வரும். அத்தனை பெரிய மழையல்லாத சாதாரண ஈரமே தோல் மூடிகளை ஊதச் செய்துவிடுகிறது. அதிகமாக ஒட்டிக்கொள்வது, ஜி ஷார்ப் என்று சொல்லப்படும் சுரத்தின் மூடி. மெல்லிய தாளொன்றை இடையிற் செருகி ஈரத்தை ஒற்றியெடுக்கிறாள் மருமகள். ஊதி முடித்ததும் துணியை உள்ளே இழுத்துத் துடைக்கிறாள். கூரை ஒழுகும் மூலையிலிருந்து வாத்தியப் பெட்டி எப்போதும் தூரத்தில் இருக்கிறது.

மங்களூருக்கு அண்மையில் ஒரு நாதஸ்வர வித்துவானின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டுத் தம் வாழ்க்கையையே அதற்கு அர்ப்பணித்த வரலாற்றை அவளுக்குச் சொன்னேன். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கர்நாடக சங்கீதம் வாசித்தவர், அதே ஆண்டில் வெளிவந்த ‘டூயட்’ படத்தின் மூலம் தமிழ் பேசும் வீடெங்கும் புகுந்தவர், 2019இல் மறைந்தார். நான் பெரிய பிரசங்கம் செய்வதாக எண்ணிக்கொண்டிருக்க, கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த தங்கை, “அந்தப் படம் நான் மூணு தரம் பாத்திருக்கேன் அண்ணே” என்றாள். அவள் மகளை ஒருநாளும் தடுக்காததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவ்வருட விளையாட்டுப் போட்டியில் வாத்தியக் குழு மைதானத்தைச் சுற்றி வந்தது. மருமகள் இரண்டாம் வரிசையில், நிறம் மங்கிய வாத்தியத்தோடு நடந்தாள். முன்வரிசை வாத்தியங்கள் வெயிலில் பளபளத்தன. குழுவாக ஊதும்போது அவளுடைய நாதத்தைத் தனியே பிரித்துக் கேட்க எனக்கு ஞானம் போதாது. தங்கை மாத்திரம் தனக்குக் கேட்டதாக இன்றுவரை சாதிக்கிறாள். சங்கிலி இன்னும் மீளவில்லை.

சில வாரங்களுக்குப் பின், அடுத்த டிவிஷனிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய மகனும் வாத்தியக் குழுவில் சேர்ந்திருக்கிறானாம். நாங்கள் உபயோகிக்காமல் வைத்திருக்கும் புதிய சாக்ஸபோனை 25,000 ரூபாய்க்குத் தருவோமா என்று கேட்டார். அதில் சங்கிலிக் கடனில் ஒரு பகுதி தீர்ந்துவிடும். நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன்.

“அத இன்னொரு புள்ள கையில குடுக்காதீங்க அண்ணே” என்றாள் அவள்.

வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, முதியவரின் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினோம். வெள்ளைக் கையுறை சகிதம் அந்தப் பெட்டி என் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது.