ரோபோவுக்கு முன்னால் ஒரு குவளை சங்குப்பூச் சாறு

நாசி கெராபு என்ற மலாய்ச் சோற்றுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டால் கருநீலச் சாறு இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். சமையல் சோடாவைக் கலந்தால் நிறம் பச்சைப் பக்கம் சாயும். பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் ஒரு வடிவமும் காரத்தில் வேறொரு வடிவமும் எடுப்பதே காரணம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாகிறதே, அங்கும் வேலை செய்வது இதே வகை வேதியியல்தான். சிவப்பாக்கும் நிறமி மட்டும் வேறு, அது மஞ்சளில் இருக்கும் குர்குமின்.

பத்து வயதுப் பிள்ளை இதைச் செய்து பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஆனால் செய்து பார்த்ததை இன்னொருவருக்கு விளக்க ஒரு மேடை வேண்டும். அந்த மேடையை மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்கு அமைத்துத் தந்ததில் ‘ஆஸ்டி’ என்று அறியப்படும் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. டாக்டர் முகமது யூனுஸ் யாசின் தலைமையில் இச்சங்கம் நடத்திவந்த இளம் பிள்ளைகளுக்கான அறிவியல் விழா, பள்ளி அளவில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று படியேறும். பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்வார்கள். நடுவர் வந்து நிற்பார். செய்தது என்ன, நடந்தது என்ன, ஏன் நடந்தது என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கென ‘இளம் புத்தாக்குநர்’ போட்டியையும் இதே சங்கம் நடத்தியது.

விழாவின் உயிர் அந்த ‘ஏன்’ என்ற கேள்வியில்தான் இருக்கிறது. எலுமிச்சையை ஊற்றி நிறம் மாற்றிக் காட்டுவது யாராலும் முடியும். எத்தனை துளி விட்டாய், இரண்டு குவளையிலும் சாறு ஒரே அளவா, சூடு ஒரே அளவா என்று கேட்கும்போதுதான் மாறிகள், கருதுகோள், உற்றறிதல் என்று பாடநூலில் படித்தவை பிள்ளையின் கைக்கு வருகின்றன. பெற்றோர் எழுதிக் கொடுத்து மனனம் செய்த விளக்கம் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும்.

எந்த மொழியில் விளக்குவது என்பதும் இங்கே பழைய வழக்கு. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. அதைக் கைவிடுவதாக 2009-இல் அரசு அறிவித்தது. 2016-இல் ஆங்கிலத்துக்கு மீண்டும் இடம் தரும் இருமொழித் திட்டம் வந்தபோது, தமிழ்ப்பள்ளியில் அறிவியல் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று தமிழ் அமைப்புகள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தான் கண்டதைப் பாட்டியிடமும் சொல்ல முடிந்தால் அந்த வீடு முழுவதும் சோதனையில் சேர்ந்துகொள்கிறது. குடும்பத்தை அறிவியலுக்குள் இழுக்க இதைவிட எளிய வழி இல்லை.

இனி ரோபோவுக்கு வருவோம். இந்தப் பக்கம்தான் இப்போது எல்லாருடைய கண்ணும் இருக்கிறது. 2012-இல் உலக ரோபோ ஒலிம்பியாட் கோலாலம்பூரில் நடந்தது. கணினிச் சிந்தனை 2017-இல் பாடத்திட்டத்துக்குள் வந்தது. ஆரம்பப்பள்ளி மேல்வகுப்புகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தில் நிரலாக்கத்தின் முதற்படி இருக்கிறது. வார இறுதி ரோபோ வகுப்புகளின் விளம்பரத்தைப் பேரங்காடிதோறும் பார்க்கலாம்.

பிள்ளைகள் முதலில் செய்யும் ரோபோ பெரும்பாலும் கோட்டைத் தொடரும் வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு நாடா ஒட்டியிருக்கும். வண்டியின் அடியில் நாடாவுக்கு இருபுறமும் இரண்டு அகச்சிவப்பு உணரிகள். வெள்ளை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும். இடப்பக்க உணரிக்கு ஒளி திரும்பி வரவில்லை என்றால் வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது என்று பொருள். உடனே இடச் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்தால் வண்டி நேராகும். விதி இவ்வளவுதான்.

பாடம் தொடங்குவது வண்டி தடம் மாறும்போது. சன்னலோரம் வைத்தால் தாறுமாறாக ஓடும், ஏனென்றால் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. உணரியைச் சற்று உயர்த்திப் பொருத்தினால் கறுப்பும் வெள்ளையும் அதற்கு ஒன்றாகிவிடும். மின்கலம் இறங்கினால் நேற்றுச் சரியாக வளைந்த வண்டி இன்று வளையாது. நிரலில் பிழை தேடி அரை மணி நேரம் உட்கார்ந்த பிள்ளை கடைசியில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்ப்பானே, அந்த நேரத்தில் அவன் செய்வது முழுக்க அறிவியல். சங்குப்பூச் சாற்றை அளந்து ஊற்றிப் பழகியவனுக்கு இது எளிதாகக் கைவரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

தடையாக நிற்பது விலை. போட்டிகளில் புழங்கும் லெகோ பெட்டிகளை வாங்கப் பல குடும்பங்களால் முடியாது. பள்ளிகளின் நிலையும் ஒன்றுபோல இல்லை. கிள்ளான் சிம்பாங் லீமா நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நூற்றைம்பது மாணவர்கூட இல்லாதவை பல. இங்கே மலிவான மின்னணுப் பலகைகள் கைகொடுக்கின்றன. இத்தாலியில் 2005-இல் பிறந்த ஆர்டுயினோவின் வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்தது. அதை அடியொற்றி மலேசிய நிறுவனமான சைட்ரான் ‘மேக்கர் உனோ’ பலகையை வகுப்பறைக்கென்றே செய்தது. இணைப்புகளுக்கான குட்டி விளக்குகள், ஒரு பொத்தான், ஒரு ஒலிப்பான் எல்லாம் பலகையிலேயே இருப்பதால் கம்பி எதுவும் இணைக்காமலே முதல் பாடத்தைத் தொடங்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பத்துப் பலகை வாங்கி நூலகப் புத்தகம்போல வீட்டுக்கு இரவல் தந்தால், கோப்பைக்காக ஒரே ஒரு குழுவைத் தயார்செய்வதைவிடப் பல மடங்கு பயன் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’ இதே திசையில் போகிறது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் கருத்தாளர்களே சோதனைப் பொருள்களோடு போகிறார்கள். பிள்ளை போட்டிக்குத் தேர்வாக வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. மலேசியாவில் அறிவியல் துறைக்கும் கலைத்துறைக்கும் மாணவர்கள் 60:40 என்ற விகிதத்தில் சேர வேண்டும் என்ற இலக்கு 1967-லிருந்தே பேசப்படுகிறது. அதை எட்ட வேண்டுமானால் கடைசி வரிசைப் பிள்ளையும் வேண்டும்.

குடும்பமாகப் போகக் கோலாலம்பூரில் இடங்களுக்குக் குறைவில்லை. ஏரித் தோட்டத்தையொட்டி நீலக் குவிமாடக் கூரையுடன் தேசியக் கோளரங்கம், புக்கிட் கியாராவில் 1996-இல் திறந்த தேசிய அறிவியல் மையம், இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள சூரியா கேஎல்சிசியில் பெட்ரோசயின்ஸ். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, எல்ஆர்டி மாறினால் கேஎல்சிசி. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குச் சென்ட்ரல் நடை தூரம். பெட்ரோசயின்ஸில் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கும் அவசரம் வேண்டாம். பிள்ளை எந்தக் காட்சிப் பொருளின் முன் நிற்கிறதோ அங்கேயே நிற்க விட்டு, திரும்பும் ரயிலில் அதைப் பற்றி மட்டும் கேட்டால் போதும். பதில் தெரியாவிட்டால் வீட்டில் எதை வைத்துச் சோதிக்கலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிக்க, கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளான் வரை நேரம் இருக்கிறது.